கடந்த சில மாதங்களாக விளையாடியவை: அவுட்டர் வைல்ட்ஸ் முதல் சில்க்சாங் வரை

வரைபடம் முழுக்க அடையாளக் குறி, அங்கே போ, இதை எடு, திரும்பி வா என்று விடாமல் சொல்லிக்கொண்டே இருக்கும் பெரிய பெரிய ஓப்பன் வேர்ல்ட் கேம்களில் எனக்கு ஆர்வம் விட்டுப்போய்விட்டது. அதில் நமக்கு என்ன வேலை? நடப்பதும் அடிப்பதும்தான். யோசிக்கிற வேலையைக் கேமே எடுத்துக்கொள்கிறது. அதனால் கொஞ்ச காலமாக வேறு மாதிரிக் கேம்களாகத் தேடி விளையாடுகிறேன். கதாபாத்திரத்தின் லெவல் ஏறாவிட்டாலும் பரவாயில்லை, விளையாடுகிற எனக்கு ஏதாவது ஒன்று புரிந்தால்தான் அடுத்த கதவு திறக்க வேண்டும், அதுதான் எனக்கு வேண்டியது. அப்படி விளையாடியதில் முடித்து நாளாகியும் மனதை விட்டுப் போகாதவை, போகப்போக அலுத்தவை இரண்டையும் பற்றி எழுதுகிறேன். கதையின் முக்கிய ரகசியம் எதையும் சொல்லவில்லை, தைரியமாகப் படிக்கலாம்.

முதலில் அவுட்டர் வைல்ட்ஸ். 2019இல் வந்த கேம். அலெக்ஸ் பீச்சம் என்பவர் அமெரிக்காவில் முதுகலை படிக்கும்போது ஆய்வுத் திட்டமாகத் தொடங்கியதை மோபியஸ் டிஜிட்டல் நிறுவனம் முழுக் கேமாக வளர்த்தெடுத்தது. (அவுட்டர் வேர்ல்ட்ஸ் என்று கிட்டத்தட்ட இதே பெயரில் வேறொரு கேம் இருக்கிறது, வாங்கும்போது பார்த்து வாங்குங்கள்.) ஒரு குட்டிச் சூரியக் குடும்பம். நீங்கள் புதிதாகக் கிளம்பும் விண்வெளி வீரர். கிளம்பி 22 நிமிடத்தில் சூரியன் வெடித்து எல்லாம் அழிந்துவிடும். கண் விழித்தால் மறுபடி அதே கேம்ப் நெருப்பு, மறுபடி அதே 22 நிமிடம். ஆயுதம் இல்லை, லெவல் இல்லை, கப்பலை மேம்படுத்த எதுவும் இல்லை. முதல் பயணத்தில் கையில் இருப்பதுதான் கடைசிப் பயணத்திலும் இருக்கும். எப்படி என்று தெரிந்திருந்தால் முதல் நாளே கேமின் முடிவைத் தொட்டுவிடலாம். அந்த ‘எப்படி’யைத் தேடுவதுதான் மொத்த ஆட்டமும்.

கிரகங்கள் சும்மா சுற்றிக்கொண்டிருப்பதில்லை, கடிகாரத்தோடு சேர்ந்து மாறுகின்றன. பிரிட்டில் ஹாலோவின் நடுவில் ஒரு கருந்துளை. மேலே இருக்கும் ஓடு துண்டு துண்டாக உடைந்து அதற்குள் விழுந்துகொண்டே இருக்கும், நீங்கள் பார்க்கப் போன கட்டடமும் சேர்ந்து விழுந்துவிடலாம். ஆஷ் ட்வின், எம்பர் ட்வின் என்று ஒன்றையொன்று சுற்றும் ஜோடிக் கிரகங்கள் உண்டு. ஒன்றிலிருந்து மணல் தூணாக எழுந்து மற்றதில் கொட்டும். அங்கே குகைகள் மூட மூட, இங்கே புதைந்து கிடந்தவை ஒவ்வொன்றாக வெளியே வரும். ஆக எங்கே போவது என்று தெரிந்தால் மட்டும் போதாது, எத்தனையாவது நிமிடத்தில் போவது என்றும் தெரிய வேண்டும். இதை யாரும் சொல்லித் தருவதில்லை. நாமே பார்த்து, ‘அடடா, அப்படியானால் அந்த இடம்...’ என்று எழுந்து உட்காரும் கணம் இருக்கிறதே, அதற்கு இணையான சந்தோஷத்தை எந்த பாஸையும், அதாவது கேமின் பெரிய எதிரியையும், வென்றபோதும் நான் அனுபவித்ததில்லை.

இசையைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். ஆண்ட்ரூ பிராலோவின் இசை. உங்களுக்கு முன்னால் கிளம்பிப்போன பயணிகள் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் பாஞ்சோ, ஒருவர் ஹார்மோனிகா, ஒருவர் புல்லாங்குழல், ஒருவர் தாளம், இன்னொருவர் வெறும் விசில். கையில் இருக்கும் சிக்னல்ஸ்கோப்பை ஒவ்வொரு கிரகமாகத் திருப்பினால் ஒவ்வொருவர் வாசிப்பும் தனித்தனியாகக் கேட்கும். கப்பலை எடுத்துக்கொண்டு வெகுதூரம் போய், எல்லாக் கிரகங்களும் ஒரே பக்கம் தெரிகிற இடத்தில் நின்று திருப்பிப் பாருங்கள். அத்தனை பேரும் வாசிப்பது ஒரே பாட்டு என்பது அப்போது தெரியும். இப்படிச் செய் என்று கேம் எங்கேயும் சொல்வதில்லை.

குறைகளும் இருக்கின்றன. கப்பலுக்கு நிஜ விண்வெளியைப் போலவே உந்தம் உண்டு, பொத்தானை விட்டாலும் நிற்காது. கீபோர்டைவிடக் கண்ட்ரோலர் ரொம்ப நல்லது. ஆட்டோபைலட்டைப் போட்டுவிட்டு அசந்துவிடாதீர்கள், நடுவில் சூரியன் குறுக்கிட்டால் அது ஒதுங்கிப் போகாது, நேரே உள்ளே கொண்டுபோய்விடும். படிக்க வேண்டிய ஆங்கிலமும் நிறைய. ஆழ்கடல், இருட்டு என்றால் பயம் உள்ளவர்களுக்கு ஒன்றிரண்டு கிரகங்கள் கஷ்டமாக இருக்கும். இதற்கெல்லாம் மேலே உண்மையான குறை ஒன்று உண்டு: இதை ஒருமுறைதான் விளையாட முடியும். எல்லாம் தெரிந்த பிறகு தேடுவதற்கு என்ன மிச்சம்? எனக்கு இப்போது இருக்கும் ஒரே வழி, இன்னொருவர் விளையாடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் பார்ப்பது, அதுவும் பெரிய இன்பம்தான். 2021இல் வந்த எக்கோஸ் ஆஃப் தி ஐ என்ற கூடுதல் பகுதியும் அருமை, ஆனால் அதில் பயம் கொஞ்சம் தூக்கல். செட்டிங்ஸில் பயத்தைக் குறைக்க ஒரு வசதி இருக்கிறது, தயங்காமல் போட்டுக்கொள்ளுங்கள்.

இது பிடித்தவர்கள் ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின் விளையாடாமல் விடக் கூடாது. 2018இல் லூகாஸ் போப் செய்தது. 1807, ஆள் யாருமே இல்லாமல் ஒரு வணிகக் கப்பல் ஃபால்மவுத் துறைமுகத்துக்குத் திரும்பி வருகிறது. அதிலிருந்த 60 பேருக்கும் என்ன ஆனது என்று கண்டுபிடிக்க வேண்டியவர் கிழக்கிந்தியக் கம்பெனி அனுப்பிய காப்பீட்டு ஆய்வாளர், அதாவது நீங்கள். பிணத்தின் அருகே போய் ஒரு பாக்கெட் கடிகாரத்தைத் திறந்தால் அந்த ஆள் இறந்த கணம் உறைந்த காட்சியாக நிற்கும், அதற்குள் நடந்து பார்க்கலாம். யார் எந்த மொழி பேசுகிறார், எந்த உடை, யார் பக்கத்தில் யார் நிற்கிறார், இதையெல்லாம் வைத்துப் பெயரையும் சாவையும் பொருத்த வேண்டும். மூன்று பேருடையது சரியாக இருந்தால்தான் கேம் உறுதிசெய்யும், அதனால் குருட்டாம்போக்கில் ஊகித்துத் தப்புவது கடினம். கறுப்பும் வெள்ளையும் மட்டுமே உள்ள படம், பழைய மேக்கின்டாஷ் கணினித் திரையைப் போல இருக்கும், முதலில் கண் உறுத்தினாலும் சீக்கிரம் பழகிவிடும். மாலுமிகளில் இந்தியாவிலிருந்து போனவர்களும் இருக்கிறார்கள். கப்பல் வரலாற்றில் பெயரில்லாமல் போன அந்த மனிதர்களை இங்கே முகத்தையும் பெயரையும் பொருத்தி ஒவ்வொருவராக அடையாளம் காண வேண்டியிருப்பது எனக்கு மிகவும் பிடித்தது.

ப்ளூ பிரின்ஸ் (2025) விஷயத்தில் என் கருத்து பாதிக்குப் பாதி. ஒரு மாளிகை, 5க்கு 9 கட்டம், 45 அறைகள். நீங்கள் தேட வேண்டியது 46ஆவது அறை. ஒவ்வொரு கதவைத் திறக்கும்போதும் மூன்று அறை வரைபடங்கள் வரும், ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் அந்த அறை அங்கே உருவாகும். ஒரு நாளைக்கு இத்தனை முறைதான் அறைக்கு அறை போகலாம், ஆரம்பத்தில் 50. மறுநாள் காலையில் வீடு மறுபடி காலி. முதல் சில வாரங்கள் நோட்டும் பேனாவுமாகப் பைத்தியம் போல விளையாடினேன், சுவரில் மாட்டியிருக்கும் படத்துக்குக்கூட அர்த்தம் இருக்கிறது என்று தெரிந்தபோது பிரமித்துப்போனேன். டோண்டா ராஸ் இதைச் செய்ய எட்டு வருடம் எடுத்துக்கொண்டார் என்பதில் ஆச்சரியமே இல்லை.

ஆனால் 46ஆவது அறையைத் தாண்டிய பிறகு நிலைமை மாறுகிறது. விடை தலைக்குள் தயாராக இருக்கும், அதைச் சோதித்துப் பார்க்க இரண்டு குறிப்பிட்ட அறைகள் ஒரே நாளில் வர வேண்டும், அது நம் அதிர்ஷ்டம். புரிந்தபிறகும் காத்திருக்க வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அவுட்டர் வைல்ட்ஸ் இதைச் செய்யவே செய்யாது, தெரிந்தால் நேரே போகலாம். இன்னொன்று, நான் விளையாடிய சமயத்தில் நாளின் நடுவே சேவ் செய்ய வழியில்லை. சாயங்காலம் கரண்ட் போய் லேப்டாப் பேட்டரியும் தீர்ந்தால் அன்றைய உழைப்பு அத்தனையும் போச்சு. புதிர்களில் பல ஆங்கிலச் சொல் விளையாட்டை நம்பி இருப்பவை என்பதையும் கவனத்தில் வையுங்கள். 46ஆவது அறை வரை கட்டாயம் விளையாடுங்கள். அதற்கு மேல் உங்கள் பொறுமை.

இந்த வரிசையில் வெண்பா என்ற கேம் எங்கே வந்தது என்று கேட்கலாம். கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பத்தின் கதை, டொரன்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்டது. 1988இல் தொடங்குகிறது. அம்மா வெண்பா, அப்பா பாவலன், மகன் கவின். ஊரிலிருந்து கொண்டுவந்த சமையல் குறிப்பு நோட்டு கிழிந்தும் கறைபட்டும் கிடக்கிறது, விட்டுப்போன வரிகளை ஊகித்துச் சமைக்க வேண்டும். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்குவது, புட்டுக் குழலில் எது முதலில் போவது என்பதெல்லாம் இங்கே புதிர்கள். வெளிநாட்டவர் ஒருவர் திணறி யோசிக்கும் இடத்தில் நாம் நோட்டைப் பார்க்காமலேயே செய்துவிடுகிறோம், வீட்டில் அம்மா செய்வதைப் பார்த்த அறிவுதான் இங்கே சாவி. இத்தனை வருடம் கேம் விளையாடியதில் என் அடுக்களையை நம்பி ஒரு புதிர் வைக்கப்பட்டது இதுதான் முதல் தடவை. சமைக்கும்போது ரேடியோவில் ஓடும் பாட்டுகள் ஒவ்வொன்றும் தமிழ்த் திரையிசையின் ஒவ்வொரு காலத்தை நினைவுபடுத்தும்படி செய்யப்பட்டவை, ஹெட்ஃபோனில் கேளுங்கள். பெரிய கேமை எதிர்பார்க்க வேண்டாம், ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். புதிர்கள் இன்னும் கொஞ்சம் கடினமாக இருந்திருக்கலாம் என்பது என் எண்ணம். ஆனால் கவின் வளர்ந்தபிறகு வரும் பகுதியில் நான் கண்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். 2024இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பின் சிறந்த முதல் கேம் விருது கிடைத்தது, முழுத் தகுதியோடு.

இனி சில்க்சாங். அடிலெய்டில் இருக்கும் மிகச் சிறிய குழு டீம் செர்ரி, ஹாலோ நைட்டை 2017இல் வெளியிட்டது. அதன் தொடர்ச்சியாக 2019இல் அறிவித்த சில்க்சாங் 2025 செப்டம்பர் 4 அன்றுதான் வந்தது. அன்று கூட்டம் தாங்காமல் ஆன்லைன் கடைகளே திணறின. இதில் ஹார்னெட் என்ற நாயகியாக ஃபார்லூம் என்ற நாட்டில் கீழிருந்து மேலே ஏறுகிறோம். முந்தைய கேமின் பழக்கத்தோடு போனால் முதல் சில மணி நேரம் கோபம்தான் வரும். கீழ்நோக்கி அடித்தால் நேராகப் போகாமல் சாய்வாகப் பாய்கிறாள். சாதாரண எதிரிகள் பலர் ஒரே அடியில் இரண்டு மாஸ்க் (நம் உயிரின் அளவு) எடுத்துவிடுகிறார்கள், ஆரம்பத்தில் நம்மிடம் இருப்பது ஐந்தே ஐந்து. உட்கார்ந்து இளைப்பாறும் பெஞ்சுக்குக்கூடச் சில இடங்களில் காசு கேட்கிறார்கள்.

இங்கே அறிவு விரல்களில் சேர்கிறது. எதிரிகளை அடிக்க அடிக்கக் கிடைக்கும் சில்க் என்ற சக்தி போதிய அளவு சேர்ந்ததும் ஒரே தடவையில் மூன்று மாஸ்க் திரும்பக் கிடைக்கும், அதுவும் காற்றில் பறந்தபடியே. அப்படியானால் ஓடி ஒளிந்து ஆறுவது இந்தக் கேமில் வேலைக்கு ஆகாது, அடித்துக்கொண்டே இருந்தால்தான் பிழைக்கலாம் என்று கை கற்றுக்கொள்கிறது. அந்தச் சாய்வுப் பாய்ச்சலும் பழகியபிறகு வேறெந்தத் தாக்குதலையும்விட அழகாகத் தோன்றுகிறது. பிடிக்கவே இல்லையென்றால் அடிக்கும் பாணியைத் தீர்மானிக்கும் க்ரெஸ்டை மாற்றலாம், வாண்டரர் க்ரெஸ்ட் பழைய கேமின் அடிக்கு நெருக்கமானது, தேடிப் பிடித்துப் போட்டுக்கொள்ளுங்கள். கிறிஸ்டோபர் லார்கினின் இசையும், இருட்டிலிருந்து பொன்னிறச் சிட்டாடலுக்குள் முதல்முதலாக நுழையும் இடமும், இவ்வளவு அடி வாங்கியதற்கு ஈடாகிவிட்டன.

இருந்தாலும் இரண்டு விஷயங்களில் டீம் செர்ரியோடு எனக்கு வாக்குவாதம் உண்டு. லாஸ்ட் ஜட்ஜ் போன்ற பாஸிடம் தோற்றால் திரும்ப அவர் இருக்கும் இடத்துக்குப் போகும் வழி ரொம்ப நீளம். ஏற்கெனவே கடந்த பாதையை மறுபடி மறுபடி ஓடுவதில் புதிதாகக் கற்பது ஒன்றுமில்லை. அப்புறம், எறியும் கருவிகளை நிரப்ப ஷெல் ஷார்ட் என்ற பொருள் தேவைப்படுகிறது. கடினமான பாஸோடு பல முறை மோதினால் தீர்ந்துவிடும், பிறகு சண்டையை விட்டுவிட்டு அதைச் சேகரிக்கப் போக வேண்டும். வெளியான கொஞ்ச நாளிலேயே ஆரம்பப் பகுதியைச் சற்று இலகுவாக்கி ஒரு பேட்ச் வந்தது நல்லதுதான், ஆனால் இந்த இரண்டையும் அது தீர்க்கவில்லை. மெட்ராய்ட்வேனியா, அதாவது புதுத் திறன் கிடைக்கக் கிடைக்கப் புது வழி திறக்கும் இந்த வகைக் கேம், இதுவரை தொட்டதே இல்லை என்பவர்கள் ஹாலோ நைட்டிலேயே தொடங்குங்கள், விலையும் குறைவு.

கடைசியாக பலாட்ரோ. 2024இல் லோக்கல்தங்க் என்ற புனைபெயரில் ஒருவர் தனியாகச் செய்தது. போக்கர் சீட்டு, ஆனால் பந்தயம் இல்லை. ஒரு ஜோடி போட்டால் 10 சிப், அதை 2ஆல் பெருக்கு. ஃப்ளஷ் (ஐந்தும் ஒரே வகைச் சீட்டு) என்றால் 35, பெருக்கல் 4. அதோடு சீட்டின் மதிப்பும் சேரும். இதைத் தலைகீழாக்குவதுதான் 150 ஜோக்கர்களின் வேலை. ஜோக்கர்கள் இடமிருந்து வலமாக வேலை செய்யும், எனவே கூட்டுகிறவரை இடப்பக்கமும் பெருக்குகிறவரை வலப்பக்கமும் வைத்தால் அதே கைக்குப் பல மடங்கு மதிப்பெண். இது புரிந்த அன்றுதான் எட்டாவது கட்டத்தின் (கேமில் இதற்கு ‘ஆன்டே’ என்று பெயர்) கடைசி பாஸ் கேட்கும் ஒரு லட்சம் மதிப்பெண் எனக்கு எட்டக்கூடியதாகத் தெரிந்தது. மேலே சொன்ன கேம்களில் முடித்தபிறகும் நான் தினமும் திறப்பது இது ஒன்றுதான், பஸ்ஸில் போகும்போது, ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போது. ஃபோன் பதிப்பில் விளம்பரம் வராது, வாங்கியபிறகு உள்ளே காசும் கேட்காது. ராத்திரி படுக்கப் போகும் முன்னால் மட்டும் திறக்காதீர்கள்.