கார் ஸ்பீக்கர் மாற்றுகிறீர்களா? டோர் பேடை மூடும் முன் உள்ளே பாருங்கள்

போன ஐப்பசி மழையில் என் காரின் இடது முன்பக்கக் கால்மிதி ஊறிக் கிடந்தது. கண்ணாடி ஏற்றித்தான் இருந்தது. ஏசி தண்ணீராக இருக்கும் என்று முதலில் நினைத்தேன். கால்மிதியைத் தூக்கிப் பார்த்தால் கார்ப்பெட்டுக்கு அடியில் இருக்கும் பஞ்சு வரை ஈரம். அமுக்கினால் விரலிடுக்கில் தண்ணீர் வருகிறது. அதற்கு மூன்று வாரம் முன்னால் ரூ.18,500 கொடுத்துச் செய்த ஸ்பீக்கர் வேலைதான் இதற்குக் காரணம் என்று தெரிய இன்னும் நாலு நாள் ஆனது.

புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. ஆனால் நடந்ததை விட்டுவிடாமல் சொல்கிறேன். இதே வேலையை இதே மாதிரி செய்கிற கடைகள் எல்லா ஊரிலும் இருக்கின்றன.

என்னுடையது 2014 ஸ்விஃப்ட், இரண்டாம் கையாக வாங்கியது. தாம்பரத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போய்வரத் தினமும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அதில்தான் உட்கார்ந்திருக்கிறேன். பாட்டு இல்லாமல் அந்த நேரம் போகாது. வலது பக்க ஸ்பீக்கர் கரகரக்க ஆரம்பித்ததும், சரி, நாலையும் மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தேன். கார் சாமான் கடைகள் நிறைந்த சென்னை ஜி.பி. ரோடு வரை போய் நாலு கடை ஏறி இறங்க நேரமில்லை. வீட்டுப் பக்கமே ஒரு கடைக்குப் போனேன்.

சுவர் முழுக்க ஸ்பீக்கர் மாட்டி, சுவிட்சைத் தட்டினால் ஒவ்வொன்றாகப் பாடும் பலகை வைத்திருந்தார்கள். கேட்க அருமையாகத்தான் இருந்தது. அந்தப் பலகைக்குப் பின்னால் பெரிய ஆம்ப்ளிஃபையர் ஓடுகிறது, நம் காரில் அது கிடையாது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. உரிமையாளர் பெட்டியைத் திருப்பிக் காட்டி, "300 வாட்ஸ் சார், இதுக்கு மேல உங்க வண்டிக்குத் தேவையே இல்ல" என்றார்.

இந்த வாட்ஸ் கணக்கைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் ஏமாற்று இங்கேதான் தொடங்குகிறது. பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது ஒரு நொடிப் பொழுது தாங்கும் உச்ச அளவு. தொடர்ந்து தாங்குவது ஆர்எம்எஸ் என்று பொடி எழுத்தில் இருக்கும்; என் பெட்டியில் அது 50. அதைவிட முக்கியம், டெக் (காரில் பாட்டுப் போடும் கருவி) எவ்வளவு பவர் கொடுக்கும் என்பது. காரில் இருப்பது 12 முதல் 14 வோல்ட். ஸ்பீக்கரின் மின்தடை பெரும்பாலும் 4 ஓம். பவர் இந்த அளவுக்குள்தான் வர முடியும். தனி ஆம்ப்ளிஃபையர் இல்லாத டெக், முகப்பில் 50 X 4 என்று போட்டிருந்தாலும், ஒரு ஸ்பீக்கருக்கு 15 முதல் 20 வாட்ஸ் வரைதான் சுத்தமாகத் தரும். அதனால் 300-ஆ 400-ஆ என்று பார்ப்பதில் பயனில்லை. பார்க்க வேண்டியது சென்சிடிவிட்டி, அதாவது கொடுக்கிற பவருக்கு எவ்வளவு சத்தம் தரும் என்ற அளவு. டெசிபலில் போட்டிருப்பார்கள். 88 இருக்கும் ஸ்பீக்கருக்கு 20 வாட்ஸ் கொடுத்தால் வரும் சத்தம், 91 இருக்கும் ஸ்பீக்கருக்கு 10 வாட்ஸ் கொடுத்தாலே வந்துவிடும். 3 டெசிபல் கூடினால் பாதி பவர் போதும். டெக்கிலேயே நேராக மாட்டுகிறவர்கள் இந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள். நான் கேட்கவில்லை. என்னிடம் வந்தது 87.

கணக்கு இப்படிப் போட்டார்: முன்கதவுகளுக்கு ட்வீட்டர் (கீச்சு ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) தனியாக வரும் கம்போனன்ட் ஜோடி ரூ.7,500, பின்கதவுகளுக்கு ட்வீட்டர் உள்ளேயே இருக்கும் கோஆக்சியல் ரூ.4,500, முன்கதவு இரண்டுக்கும் முழு டேம்பிங் (தகடு அதிராமல் இருக்க ஒட்டும் ஷீட்) ரூ.3,000, ஒயரிங்கும் கூலியும் ரூ.3,500. "பில் போட்டா ஜிஎஸ்டி சேரும் சார், எஸ்டிமேட்ல போட்டுக்கலாமா?" என்று கேட்டார். நானும் தலையாட்டினேன். ரூ.8,500 ஜிபேயில், மீதி ரொக்கம். இன்றைக்கு என்னிடம் இருக்கும் அத்தாட்சி ஒரு மஞ்சள் சீட்டும் அந்த ஜிபே பதிவும்தான்.

"வெயில்ல நிக்காதீங்க சார், உள்ள ஏசில உக்காருங்க, ஒன்றரை மணி நேரத்துல குடுத்துடுறேன்." கார் பின்பக்க ஷெட்டுக்குப் போனது. டீ வந்தது. நான் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த ஒன்றரை மணி நேரத்தில் எழுந்துபோய் ஒரு தடவை எட்டிப் பார்த்திருந்தால் இந்தப் பதிவுக்கு வேலையே இருந்திருக்காது.

வண்டியை எடுக்கும்போது பேஸ் முழுக்க ஏற்றி ஒரு குத்துப்பாட்டு போட்டுக் காட்டினார்கள். சத்தமாக இருந்தது. பழைய ஸ்பீக்கர் எங்கே என்று கேட்டேன். "அது எதுக்கு சார், குப்பை, பசங்க தூக்கிப் போட்டிருப்பாங்க" என்றார். கரகரத்தது ஒன்றுதான், மற்ற மூன்றும் கம்பெனி ஸ்பீக்கர், நன்றாக ஓடிக்கொண்டிருந்தவை. அவை விலைபோகும் பொருள் என்று பிறகு தெரிந்தது.

இரண்டு நாளில் ஏதோ சரியில்லை என்று பட்டது. நாதஸ்வரக் கச்சேரி கேட்கிற வழக்கம் எனக்கு உண்டு. தவிலின் வலந்தலை (வலது பக்கம்) சுள்ளென்று கேட்கிறது, தொப்பியின் (இடது பக்கம்) 'தொம்' மட்டும் வரவே இல்லை. மற்ற பாட்டுகளில் பாடுகிறவரின் குரலும் நடுவில் நிற்காமல் எங்கேயோ கலைந்து கிடந்தது. கடைக்குப் போன் செய்தால், "புது ஸ்பீக்கர் சார், ஓட ஓட செட் ஆகும்" என்று பதில். சரி என்று விட்டுவிட்டேன். அப்புறம்தான் மழை.

தீபாவளிக்குத் திண்டிவனம் பக்கம் எங்கள் ஊருக்குப் போயிருந்தபோது, மைக்செட் கடை வைத்திருக்கும் அண்ணனிடம் சொன்னேன். திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் ஸ்பீக்கர் கட்டியே முப்பது வருடம் ஓட்டியவர். காரில் ஏறி உட்கார்ந்து பாட்டைப் போட்டார். பேலன்ஸை முழுக்க இடது பக்கம் தள்ளினார். தொம் கேட்டது. முழுக்க வலது பக்கம் தள்ளினார். அப்போதும் கேட்டது. நடுவில் கொண்டுவந்து வைத்ததும் காணாமல் போனது. "தம்பி, ஒண்ண மாத்திக் குடுத்துட்டான்" என்றார்.

வீட்டுக்குள் போய்ச் சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றிக்கொண்டு வந்தார். சாதாரண 1.5 வோல்ட் பேட்டரி. டெக்கைக் கழற்றி, பின்னால் வரும் ஸ்பீக்கர் ஒயர்களில் பிளஸ்ஸுக்கு பிளஸ், மைனஸுக்கு மைனஸ் வைத்து ஒரு நொடி தொட்டார். வலது கதவில் ஸ்பீக்கரின் அதிரும் கூம்பு, கோன், 'டப்' என்று வெளியே வந்தது. இடது கதவில் அதே மாதிரி தொட்டபோது கோன் உள்ளே போனது. ஒன்று காற்றைத் தள்ளும்போது இன்னொன்று இழுக்கிறது. தாழ்ந்த ஒலி ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அழிந்துவிடுகிறது. ஒரு பக்கம் ஒயரை மாற்றிச் சொருகியதுதான் தப்பு. பேட்டரி வைத்துப் பார்க்கும்போது டெக் இணைப்பில் இருக்கக் கூடாது, தொட்ட உடனே எடுத்துவிட வேண்டும். இந்தப் பேலன்ஸ் சோதனைக்குப் பேட்டரிகூட வேண்டாம். கடை வாசலிலேயே செய்து பார்க்கலாம்.

அப்புறம் இடது கதவின் டோர் பேடை, அதாவது உள்பக்க மூடியை, கழற்றினார். மூன்று கிளிப் உடைந்திருந்தது, ஒரு ஸ்குரூ இல்லவே இல்லை. உள்ளே பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. கார் கதவுக்குள் மழைத்தண்ணீர் இறங்குவது இயல்புதான். கண்ணாடியோரமாக வழிந்து, கதவின் அடியில் இருக்கும் ஓட்டை வழியாக வெளியேறிவிடும். அது காருக்குள் வராமல் இருக்க, டோர் பேடுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் ஷீட்டைக் கறுப்பு பசை வைத்துச் சுற்றிலும் ஒட்டியிருப்பார்கள். அந்த ஷீட்டைப் பிளேடால் கிழித்து, பாதியைச் சுருட்டிக் கதவுக்குள்ளேயே திணித்திருந்தார்கள். ஷீட் இருந்த இடம் வாய் பிளந்து கிடந்தது. அந்த வழியாகத்தான் தண்ணீர் கால்மிதிக்கு வந்திருக்கிறது. நிதானமாக உரித்தால் அந்தப் பசை திரும்ப ஒட்டிக்கொள்ளும். ஐந்து நிமிட வேலை.

முழு டேம்பிங் என்று ரூ.3,000 வாங்கினார்களே, கதவுத் தகட்டில் இருந்தது உள்ளங்கை அகலத்தில் இரண்டு துண்டு. அதுவும் டேம்பிங் ஷீட் இல்லை. கூரை ஒழுகலுக்கு ஒட்டுகிற தார் டேப். மேலே வெள்ளி நிறத் தாள் இருப்பதால் பார்க்க ஒரே மாதிரி தெரியும். அண்ணன் நகத்தால் கீறி மூக்கருகே காட்டினார், தார் வாடை. வெயிலில் நிறுத்தினால் காருக்குள் வந்த வாடையும் அதுதான். நல்ல டேம்பிங் ஷீட் பியூட்டைல் ரப்பரில் வரும். வெயிலுக்கு இளகி வழியாது, இந்த வாடையும் அடிக்காது.

ஒயரிங்கில் கம்பெனி கப்ளரை (ஒயர்களைச் சொருகி இணைக்கும் முனை) வெட்டி எறிந்துவிட்டு, ஒயரைக் கையால் முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார்கள். டேப் சூட்டில் இளகி, பிசுபிசுவென்று நழுவி, செம்பு தெரிந்தது. கதவுத் தகட்டில் அது உரசினால் டெக்கே போய்விடலாம். வண்டிக்கு ஏற்ற கப்ளர் செட் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதை மாட்டினால் ஒரு ஒயரைக்கூட வெட்ட வேண்டாம். வாரண்டியில் இருக்கும் புது வண்டிக்காரர்கள் இதில் பிடிவாதமாக இருங்கள். வெட்டிய ஒயரைக் காட்டி, மின்சாரப் பழுது எதற்கும் கம்பெனி கையை விரித்துவிட வாய்ப்பு இருக்கிறது.

ஒயரை மாற்றிச் சொருகி, கெட்டியான பாலித்தீன் ஷீட்டை வெட்டி ஒட்டி, இணைப்புகளைப் பற்றவைத்து முடிக்க மாலை ஆகிவிட்டது. அதே நாதஸ்வரத்தைப் போட்டேன். தொப்பி கேட்டது. நல்ல ஸ்பீக்கரைத்தான் வாங்கியிருக்கிறேன், கதவுக்குள் நடந்த வேலைதான் அதைக் கெடுத்திருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. அண்ணன் டெக்கில் தாழ்ந்த ஒலியை வெட்டும் ஹை பாஸ் ஃபில்டரை 80 ஹெர்ட்ஸில் வைத்துக் கொடுத்தார். அதற்குக் கீழே உள்ள ஒலியைக் கதவு ஸ்பீக்கரால் ஒழுங்காகத் தர முடியாது. அந்தச் சுமையை இறக்கியதும் குரல் தெளிந்தது. காசு வாங்க மறுத்துவிட்டார்.

ஊரிலிருந்து திரும்பியதும் போட்டோக்களோடு கடைக்குப் போனேன். உரிமையாளர் பார்த்துவிட்டு, "வேற யாரோ கை வெச்சிருக்காங்க சார், இனிமே நாங்க பொறுப்பில்ல" என்றார். ஷீட் கிழிந்திருந்ததையும் தார் டேப்பையும், எதையும் தொடுவதற்கு முன்பே எடுத்த வீடியோ இருக்கிறது என்றேன். பேச்சு மாறி, "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்ற பலகையைக் காட்டினார்.

அந்தப் பலகை செல்லாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இல், பில் தராமல் இருப்பதும், குறைபாடுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் நியாயமற்ற வணிக முறை என்றே எழுதியிருக்கிறது. 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தைக் கூப்பிட்டேன். தமிழிலேயே பேசலாம். மாவட்ட ஆணையத்தில் மனுப் போட இரண்டு வருடம் வரை அவகாசம் உண்டு, ரூ.5 லட்சம் வரையிலான தொகைக்குக் கட்டணமும் கிடையாது.

1915-இல் புகார் பதிவாகிப் பத்து நாளில் கடையிலிருந்து போன் வந்தது. டேம்பிங்குக்கு வாங்கிய ரூ.3,000-ஐத் திருப்பி அனுப்பினார்கள். ஒயரிங் கூலியும், காணாமல் போன ஸ்பீக்கர்களும் இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கின்றன. பின்கதவு இரண்டையும் நாங்கள் இதுவரை திறக்கவில்லை. அடுத்த ஞாயிறு ஊருக்குப் போகிறேன், அண்ணன் வரச் சொல்லியிருக்கிறார். இந்த முறை டோர் பேடைக் கழற்றும்போது பக்கத்தில் நின்று வீடியோ எடுப்பேன்.