புள்ளி வைத்தால் மேலே ஏறும் திரை: விடி220-உடன் நான்கு வருடம்

டிஜிட்டல் எக்விப்மென்ட் (டெக்) நிறுவனத்தின் விடி220 முனையம் 1983-இல் வெளிவந்தது. அது தனிக் கணனி அல்ல, வேறொரு கணனியோடு கம்பியால் இணைக்கும் எழுத்துத் திரையும் விசைப்பலகையும்தான். ஹட்டனில் ஒரு பழைய இரும்புக் கடையில் நிறைக்குப் போக இருந்த ஒன்றை, விசைப்பலகையோடு 2021 கடைசியில் வாங்கி வந்தேன். இப்போது ராஸ்பெரி பை என்ற சின்னக் கணனியில் ஓடும் டெபியன் லினக்ஸோடு தினமும் வேலை செய்கிறது. மின்னஞ்சல், குறிப்புகள், கொஞ்சம் பைதான் எல்லாம் அந்தத் தேன் நிறத் திரையில்தான்.

கம்பி வேலை நான் பயந்த அளவுக்கு இல்லை. யூஎஸ்பி அடாப்டரின் 9 முள் சொருகியிலிருந்து முனையத்தின் 25 முள் சொருகிக்கு மூன்றே கம்பி: 2-லிருந்து 2-க்கு, 3-லிருந்து 3-க்கு, 5-லிருந்து 7-க்கு. முனையத்தின் செட்-அப் திரையில் ‘டேட்டா லீட்ஸ் ஒன்லி’ என்று வைத்துவிட்டால் மற்ற முள்களை அது தேடாது. வேகம் விநாடிக்கு 19200 பிட்டுக்கு மேல் போகாது. 24 வரியும் நிரம்ப ஒரு விநாடி. வாசிக்கிற ஆளுக்கு அது தாராளம். எக்ஸ்ஆன்/எக்ஸ்ஆஃப் (முனையம் திணறும்போது ‘பொறு’ என்று கணனிக்குச் சொல்லும் முறை) கட்டாயம் போடுங்கள், இல்லாவிட்டால் நீளமான லாக் ஓடும்போது நடுவில் எழுத்துகள் காணாமல் போகும்.

லினக்ஸின் சேவைகளைத் தொடக்கி நடத்தும் சிஸ்டம்டியில், சீரியல் கம்பி வழியே லாகின் கேட்கும் சீரியல்-கெட்டி சேவையை இயக்கியதும் லாகின் வந்து நின்றது. எந்த வகை முனையம் என்று சொல்லும் டெர்ம் மாறியை நான் தொடவே இல்லை. சீரியல் கம்பியில் வேறெதுவும் சொல்லாவிட்டால் சிஸ்டம்டி அதை விடி220 என்றே எடுத்துக்கொள்கிறது! விஐ என்ற உரைத்திருத்தி பாவிப்பவர்களுக்கு ஒன்று: எஸ்கேப்புக்குத் தனி விசை கிடையாது. கன்ட்ரோலோடு இடது சதுர அடைப்பை அழுத்த வேண்டும். ஒரு கிழமையில் விரல் பழகிவிட்டது.

உண்மையான வேலை தமிழில்தான் இருந்தது. ‘தேயிலைக் கொழுந்து’ என்று தொடங்கும் கோப்பு ஒன்றை கேட் கட்டளையால் திறந்தேன். தலையில் கோடு போட்ட ஆங்கில ஏ எழுத்துகளும் கேள்விக்குறிகளும் கொட்டின. அது எதிர்பார்த்ததுதான். ஆனால் அந்த இரண்டு சொல்லுக்குள்ளேயே கர்சர் இரண்டு வரி மேலே ஏறி, மேலே இருந்த எழுத்துகளை அழித்துக்கொண்டு போனது.

இன்றைய கணனிகள் தமிழைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் மெய்யெழுத்தின் புள்ளி மூன்று பைட். கடைசி பைட் 141. விடி220-க்கு அந்த எண் எழுத்தே அல்ல, ‘ஒரு வரி மேலே போ’ என்ற கட்டளை. க் ஒன்று, ந் ஒன்று, ஆக இரண்டு ஏற்றம். ஐகாரக் குறி 136-இல் முடியும். அது வருகிற இடத்தில் எல்லாம் ஒரு டேப் நிறுத்தம் விழுகிறது. இதைக் கண்டுபிடித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

முதலில் லினக்ஸுக்கும் முனையத்துக்கும் நடுவில், எழுத்துகளை மாற்றி அனுப்பும் ஸ்க்ரீன் என்ற மென்பொருளை வைத்தேன். கர்சர் ஒழுங்காக நின்றது, ஆனால் தமிழ் முழுக்கக் கேள்விக்குறியானது. அப்புறம்தான் கையேட்டில் பார்த்தேன்: வெளியிலிருந்து 94 எழுத்துருவங்களை இந்த முனையத்துக்குள் ஏற்றலாம். சரி, நாமே வரைவோம் என்று கட்டத்தாளோடு உட்கார்ந்தேன். ஓர் எழுத்துக்குப் பத்துப் புள்ளி உயரம். அதை மேலே ஆறு, கீழே நான்கு என்று பிரித்து அனுப்ப வேண்டும். மெய் வடிவங்களில் மேல் வரிசை புள்ளிக்குப் போகிறது, அடுத்தது இடைவெளிக்கு. மிச்சம் எட்டு வரிசைக்குள் ழ-வின் வாலையும் அடக்க வேண்டும். ழ-வுக்கு மட்டும் மூன்று ஞாயிற்றுக்கிழமை போனது.

ஏற்றிய எழுத்துருக்கள் கரண்ட் போனால் அழிந்துவிடும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்த காலத்தில் ஏற்றி ஏற்றிக் களைத்து, லாகின் ஆனதும் தானாக ஏற்றும்படி எழுதிவிட்டேன். தமிழை அந்த 94 வடிவங்களுக்கு மாற்றித் தர ஒரு சின்ன பைதான் நிரலும் இருக்கிறது. வாசிக்க மட்டும்தான் அது. தமிழில் எழுத இன்னும் மடிக்கணனிதான்.

மலைநாட்டில் இதை வைத்திருப்பவர்கள் ஈரத்தைக் கவனியுங்கள். ஜூன், ஜூலையில் ஜன்னல் திறந்தால் மூடுபனி மேசைக்கே வந்துவிடும். என் திரையின் முன் கண்ணாடிக்குப் பின்னால் உள்ள பசையில் வெள்ளைப் புள்ளிகள் ஓரத்தில் தொடங்கிவிட்டன. பாவிக்காத நேரத்தில் துணி போர்த்தி வைக்கிறேன். பின்னேரம் இடி கேட்டால் பிளக்கைக் கழற்றிவிடுவேன்.

‘கொழுந்து’ இப்போது தெளிவாக வாசிக்கலாம். ணை மட்டும் திரையில் இரண்டு எழுத்துக் கட்டத்தில் அடங்கவில்லை. மூன்று கட்டம் கொடுத்து வரைந்துகொண்டிருக்கிறேன்.