படகில் விளக்கு மங்கினால்: பாட்டரியா, எல்இடியா, ஒயரா?

படகின் மாஸ்ட் (உயரக் கம்பம்) விளக்கு மங்கலாக எரிந்தால் கரையில் மூன்று யோசனை வரும். பாட்டரியை மாற்று, பல்பைக் கழற்றி எல்இடி போடு, ஒயரை மொத்தமாகப் புதிதாக இழு. எதற்குப் பணம் போடுவது என்பதை வோல்டேஜ் அளக்கும் ஒரு மல்டிமீட்டர் பத்து நிமிடத்தில் காட்டிவிடும். அளக்காமல் போடும் பணம் பெரும்பாலும் வீண்.

இதைத் தள்ளிப்போடவும் கூடாது. 12 மீட்டர் முதல் 50 மீட்டர் வரையுள்ள படகின் சிவப்பு, பச்சைப் பக்க விளக்குகள் 2 கடல் மைல் தூரம் தெரிய வேண்டும் என்பது 1972-ஆம் ஆண்டு சர்வதேச மோதல் தவிர்ப்பு விதி. இழை பல்புக்குப் போகும் வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடும். படகோட்டும் அறையான வீல்ஹவுஸில் நிற்பவருக்கு விளக்கு எரிவதாகத்தான் தெரியும். எதிரே வரும் கப்பலுக்குத் தெரியாமல் போகலாம்.

பாட்டரியை முதலில் பார்த்துவிடுங்கள், வேலை குறைவு. எஞ்சினை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து, எந்தச் சுமையும் இல்லாமல் அளந்தால் 12.7 வோல்ட் என்பது முழு சார்ஜ், 12.2 என்பது பாதி. எஞ்சின் ஓடும்போது 13.8-லிருந்து 14.4 வரை ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் கோளாறு பாட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரிலோ அதன் பெல்ட்டிலோ இருக்கிறது. புது பாட்டரியும் அதே கதிக்குத்தான் வரும். எல்லா விளக்கும் சேர்ந்து மங்கினால் பாட்டரியையும் மெயின் கேபிளையும் சந்தேகப்படலாம். ஒன்று மட்டும் மங்கினால் பாட்டரியை விட்டுவிடுங்கள். ஒரு விளக்கைப் போட்டதும் இன்னொன்று மங்கினால், பெரும்பாலும் இரண்டுக்கும் பொதுவான நெகட்டிவ் இணைப்பு உப்பேறிக் கிடக்கிறது என்று அர்த்தம்.

அடுத்தது ஒயர். இங்கே டெஸ்ட் லாம்ப் போதுமா, மீட்டர் வேண்டுமா என்ற கேள்வி வரும். டெஸ்ட் லாம்ப் கரண்ட் வருகிறதா இல்லையா என்று சொல்லும். 12 வோல்ட்டுக்கும் 10.8-க்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ணால் பிடிக்க முடியாது. மீட்டரை ஓம்ஸில் வைத்து 'பீப்' சத்தம் பார்ப்பது அதைவிட ஏமாற்றும். ஒயரில் ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாலும் பீப் அடிக்கும், ஏனென்றால் மீட்டர் அனுப்பும் கரண்ட் மிகச் சிறியது. பல்பு கேட்கும் 2 ஆம்பியர் அந்த ஒற்றை இழை வழியாகப் போகும்போதுதான் வோல்டேஜ் விழும். ஆகவே விளக்கை எரியவிட்டே அளக்க வேண்டும்.

மீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். ஒரு முனையைப் பாட்டரியின் பாசிட்டிவ் கம்பத்திலும், மற்றதைப் பல்பு ஹோல்டரின் பாசிட்டிவிலும் தொடுங்கள். எட்டாவிட்டால் 12 மீட்டர் சாதாரண ஒயரை கிளிப் போட்டு நீட்டிக்கொள்ளலாம். மீட்டர் கரண்ட் இழுக்காததால் அளவு மாறாது. காட்டும் எண்தான் போகும் வழியில் தொலைந்த வோல்டேஜ். அதேபோல் நெகட்டிவிலிருந்து நெகட்டிவுக்கு. இரண்டையும் கூட்டினால் 0.36 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். வழிகாட்டி விளக்குகளுக்கு அமெரிக்கப் படகுத் தரநிலை அமைப்பான ஏபிஒய்சி வைத்திருக்கும் 3 சதவீத வரம்பு அது. கூடினால் பாட்டரி லக் (ஒயர் முனையில் மாட்டும் உலோக வளையம்), ஃபியூஸின் இரு முனை, சுவிட்சின் இரு முனை, மாஸ்ட் அடியிலுள்ள ஜாயின்ட் என்று ஒவ்வொன்றாக அளந்து வாருங்கள். ஒரே இடத்தில் அரை வோல்ட் காட்டினால் அந்த இணைப்பைச் சரிசெய்தால் போதும், ஒயர் மாற்ற வேண்டாம். பாசிட்டிவையே நோண்டிக்கொண்டிருந்து நெகட்டிவை மறந்துவிடுவது இந்த வேலையில் அடிக்கடி நடக்கும் தவறு.

எந்த இணைப்பிலும் பெரிதாக விழாமல் நீளம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக விழுந்தால் ஒயர் மெலிது. 25 வாட் பல்பு 12 வோல்ட்டில் 2.1 ஆம்பியர் எடுக்கும். பாட்டரியிலிருந்து மாஸ்ட் 10 மீட்டர் என்றால் போக வர 20 மீட்டர். 1 சதுர மி.மீ. ஒயரில் சுமார் 0.8 வோல்ட் போய்விடும், 1.5-இல் 0.56, 2.5-இல் 0.34. அதாவது 2.5-தான் வரம்புக்குள் வருகிறது.

வாங்கும்போது வெள்ளீயம் பூசிய செம்பு ஒயரைக் கேளுங்கள். சாதாரண ஒயர் விலை குறைவு, ஆனால் படகில் சில காலம் கிடந்த அதன் முனையை உரித்துப் பாருங்கள்: உள்ளே இழைகள் கறுத்திருக்கும், தொட்டால் பச்சைக் களிம்பு உதிரும். ஒரு சாண் வெட்டித் தள்ளினாலும் கறுப்பு விடாது. உப்புநீர் இழைகளுக்கு நடுவே ஏறிக்கொண்டே போயிருக்கிறது. முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட்தான் அதற்கு வாசல். சால்டர் வைத்தால் உப்பு ஏறாது என்பார்கள்; ஆனால் சால்டர் முடியும் இடத்தில் ஒயர் விறைத்துப்போய், எஞ்சின் அதிர்வில் அங்கேயே ஒடியும். சரியான அளவு லக் போட்டு ராட்செட் கிரிம்பரால் நசுக்கி, சூட்டில் சுருங்கும், பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவை இரு ஓரத்திலும் பசை பிதுங்கும்வரை சூடாக்குவதே நிற்கும். இரும்புப் படகில் நெகட்டிவுக்குப் பதிலாக படகின் உடம்பையே பயன்படுத்தாதீர்கள், கசியும் கரண்ட் இரும்பை அரிக்கும். முழு ஒயரிங்கையும் மாற்றுவதானால் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம்தான் தோது.

எல்இடி கடைசியில்தான். 3 வாட் எல்இடி கால் ஆம்பியர்தான் எடுக்கும், அதனால் மெலிந்த ஒயரிலும் பளிச்சென்று எரியும். அதில்தான் ஆபத்து: களிம்பேறிய ஜாயின்ட் அப்படியே இருக்கும், ஒரு நாள் மொத்தமாக அறுந்து விளக்கு அணையும். ஒயரைச் சீராக்கிய பிறகு போடுவதானால் பல்பை மட்டும் மாற்றாமல் விளக்கின் கூட்டோடு சேர்த்து மாற்றுங்கள். இழை பல்புக்காகச் செய்த சிவப்பு, பச்சைக் கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளை எல்இடி வைத்தால் நிறமும் தெரியும் கோணமும் பிசகும். மட்டமான எல்இடி விஎச்எஃப் ரேடியோவையும் கெடுக்கும். அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2018-இல் இதைப் பற்றி எச்சரித்தது. சோதிக்க, விளக்கை அணைத்து ரேடியோவை அமைதியான சேனலில் வைத்து, இரைச்சல் அடங்கும் இடத்தில் ஸ்கெல்ச்சை (இரைச்சலை அடக்கும் குமிழ்) நிறுத்துங்கள். பிறகு எல்இடியைப் போடுங்கள். இரைச்சல் திரும்ப வந்தால் அந்த விளக்கைக் கழற்றிக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.