விதைத்துப் பிடுங்கும் கீரையா, நட்டு ஒடிக்கும் கீரையா?

எங்கள் மொட்டை மாடியில் கீரைக்கென்று ஒதுக்கிய இடம் மொத்தம் ஆறு பை. ஒவ்வொன்றும் இரண்டடி நீளம், ஓரடி அகலம். அதற்கு மேல் வைத்தால் துணி காயப்போட இடமில்லை என்று வீட்டில் சண்டை வரும். இந்த ஆறு பையில் எதை வளர்ப்பது என்பதுதான் நாலு வருடமாக எனக்கும் என் மாமியாருக்கும் ஓயாத வழக்கு. அத்தை விதைக்கிற கட்சி. சிறுகீரை, முளைக்கீரை, வெந்தயக்கீரை, கொத்தமல்லி என்று தூவி, வளர்ந்ததும் வேரோடு பிடுங்கிவிட்டு மறுபடி தூவுவார். நான் ஒடிக்கிற கட்சி. பொன்னாங்கண்ணி, கொடிப்பசலை, தவசிக்கீரை, முருங்கை என்று குச்சியை ஒருமுறை நட்டுவிட்டு மாதக்கணக்கில் ஒடித்துச் சமைப்பவள்.

வேகத்தில் அத்தைக்குத்தான் வெற்றி. அஞ்சறைப் பெட்டியில் கிடக்கும் வெந்தயத்தையே ஒரு ராத்திரி ஊறவைத்துத் தூவினால் மூன்றாம் நாள் முளை தெரியும். 20, 25 நாளில் சப்பாத்தி மாவோடு பிசைய இலை தயார். சிறுகீரையும் ஏறக்குறைய அதே 25 நாள். கொத்தமல்லிதான் மெத்தனம். பூரிக்கட்டையால் லேசாக உருட்டி விதையை இரண்டாக உடைத்துப் போட்டாலும் முளைக்கப் பத்து நாள், கிள்ள 40 நாள் ஆகும். என் பக்கம் பார்த்தால் பொன்னாங்கண்ணிக்கே ஒன்றரை மாதம் வேண்டும். தவசிக் குச்சியும் முருங்கைப் போத்தும் (நடுவதற்கு வெட்டிய தடித்த கிளை) வேர்பிடித்து, ஒடிக்கிற அளவுக்குத் தழைக்க மூன்று நாலு மாதம்.

ஆனால் அந்த 25 நாள் என்பது முதல் தடவைக் கணக்கு. பிடுங்கியதும் பை காலி. மண்ணைக் கிளறி, பழைய வேரைப் பொறுக்கி, இரண்டு கை மண்புழு உரம் போட்டுத் திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஒரு பை நிறைய நிற்கும் சிறுகீரை சட்டியில் சுருங்கியபின் நாலு பேருக்கு ஒரு வேளைக் கடைசல், அவ்வளவுதான். வாரம் ஒருநாள் கீரை வேண்டுமென்றால் நாலு பையை வாரத்துக்கு ஒன்றாக முறைவைத்து விதைத்தாக வேண்டும். அத்தை தினசரி காலண்டர் தாளில் பேனாவால் குறித்து இதைத் தவறாமல் செய்வார். வேலைக்குப் போய்விட்டு ஏழு மணிக்கு வீடு வருகிற என்னால் இரண்டு சுற்றுக்கு மேல் முடிந்ததில்லை.

ஐப்பசியில் அந்த முறையும் குலைந்துவிடும். கீரை விதை கடுகை விடப் பொடி. ஆழமாகப் போனால் மேலே வராது. அதனால் மணலோடு கலந்து மேலாகத் தூவி, லேசாக மண் போர்த்தி, பூவாளியால் தெளிப்பது வழக்கம். சென்னையில் வடகிழக்குப் பருவமழைக்குப் பூவாளி பக்குவமெல்லாம் தெரியாது. போன வருடம் தூவிய அன்று ராத்திரியே மழை கொட்டியது. பத்து நாள் கழித்துப் பார்த்தால், பையின் ஒரு மூலையில் மட்டும் பாசி படர்ந்ததுபோல நாற்று மொத்தமும் ஒன்றன்மேல் ஒன்றாக நின்றது; மற்ற இடமெல்லாம் வெறும் மண். மழை இல்லாத நாளில் எறும்பு. முளைக்கும்வரை பையோரத்தில் அரிசி நொய் தூவி வைப்பார் அத்தை. எறும்பு நொய்யைத் தூக்கிக்கொண்டு விதையை விட்டுவிடும் என்பது அவர் கணக்கு. பாதி விதையைத்தான் விடுகிறது என்பது நான் பார்த்தது.

குச்சி நடுவதில் இந்த வம்பு எதுவும் இல்லை. கடையில் வாங்கிய பொன்னாங்கண்ணிக் கட்டில் இலையை ஆய்ந்துவிட்டு, மிஞ்சும் தண்டில் இரண்டு கணு மண்ணுக்குள் போகிற மாதிரி சாய்த்து ஊன்றினால் போதும். ஒரு வாரத்தில் கணுவில் துளிர் வரும். விதைச் செலவும் கிடையாது. ஒரு விஷயம்: சந்தையில் சிவப்போடிய இலையுடன் கிடைப்பது சீமைப் பொன்னாங்கண்ணி, தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. வாய்க்கால் வரப்பில் தானாகப் படர்வது நாட்டு வகை. மெல்லிய பச்சை இலை, கணுவுக்குக் கணு குட்டி வெள்ளைப் பூ. சீமை கிடுகிடுவென வளரும், நாட்டுக்குத்தான் ருசி. என்னிடம் இருப்பது சீமை. இந்த இடத்தில் அத்தை என்னைக் கேலி செய்ய உரிமை உண்டு.

பூச்சியைப் பொறுத்தவரை இரண்டு பக்கமும் அடி வாங்குகிறது, விதம்தான் வேறு. சிறுகீரையின் நுனி இலைகள் ஒட்டிக்கொண்டதுபோல மடிந்திருந்தால் பிரித்துப் பாருங்கள். உள்ளே நூல் பின்னி, ஒல்லியான பச்சைப் புழு ஒன்று உட்கார்ந்திருக்கும்; தொட்டால் துள்ளி விழும். இலை சல்லடையாவதற்குள் கையால் எடுத்துவிட வேண்டியதுதான். நாலு நாளில் பிடுங்கப்போகிற கீரைக்கு வேப்பெண்ணெய் அடித்தால் கடைசலில் அந்த வாடைதான் முன்னால் நிற்கும். பசலையில் சிவப்பு விளிம்போடு வட்டப் புள்ளி விழும். அந்த இலையை மட்டும் கிள்ளிப் போட்டால் கொடி அதுபாட்டுக்குப் போகும். முருங்கைக்கு மழைக்காலக் கம்பளிப்பூச்சி. எங்கள் குடியிருப்பின் வாசலில் நின்ற பெரிய மரத்தை அதனாலேயே வெட்டினார்கள். அதற்கு அப்புறம்தான் நான் ஒரு பழைய நீல டிரம்மைப் பாதியாக அறுத்து மாடியில் ஒரு போத்து நட்டேன், ஆறு பைக்கணக்கில் சேராத இடத்தில். முருங்கையை ஒடித்து வளர்க்கச் சொன்ன பழமொழியின் முதல் பாதியை மட்டும் கடைப்பிடிக்கிறேன். தோள் உயரத்துக்கு மேல் விடாமல் ஒடிக்க ஒடிக்க, பக்கத்துக்கு நாலு கிளை வருகிறது. காய் கிடைக்காது, இலை கிடைக்கும், அடைமாவுக்கு அது போதும்.

கோடையில் நிலவரம் இன்னும் தெளிவு. கொத்தமல்லி இலை விடுவதற்குள் பூத்துவிடும், வெந்தயம் மஞ்சளாகிப் படுத்துவிடும். சிறுகீரை வெயிலுக்கு அஞ்சாது, ஆனால் இரண்டு வேளை தண்ணீர் கேட்கும். மே மாதம் ஊருக்குப் போய் ஐந்து நாள் கழித்து வந்தால் அத்தையின் பைகள் நாலும் காய்ந்த வைக்கோல். பொன்னாங்கண்ணி துவண்டு கிடந்தது, தண்ணீர் விட்டதும் எழுந்தது. தவசியும் முருங்கையும் நாங்கள் ஊருக்குப் போனதையே கவனித்ததாகத் தெரியவில்லை.

இவ்வளவும் என் பக்கம் சாய்ந்தாலும், ருசி என்று வந்தால் நான் வாயை மூடிக்கொள்வேன். காலையில் பிடுங்கிய சிறுகீரையை வேரை நறுக்கிவிட்டு, பாசிப்பருப்பு, நாலு சின்ன வெங்காயம், இரண்டு பல் பூண்டோடு வேகவைத்து மத்தால் கடைந்தால் வருகிற அந்த மணம் எந்தக் குச்சிக் கீரையிலும் கிடையாது. பசலை கொழகொழக்கும், புளி விட்டால்தான் பிள்ளைகள் தொடுவார்கள். பொன்னாங்கண்ணி பொரியலுக்கு மட்டும் சரி.

தவசிக்கீரை பச்சைப் பட்டாணி சாயலில் இருக்கும். மலேசியாவில் இதைச் சேக்கூர் மானிஸ் என்பார்கள். முட்டை உடைத்து ஊற்றி வதக்குவது அங்கே வழக்கம், நானும் அப்படித்தான் செய்கிறேன். நம் ஊர் நாற்றுப் பண்ணைகளில் 'மல்டி வைட்டமின் கீரை' என்று இதை விற்கிறார்கள். பெயரைக் கேட்டு யாரும் பச்சையாக அரைத்துக் குடிக்க வேண்டாம். 1990களின் நடுவில் தைவானில் உடம்பு இளைக்க வேண்டி இந்த இலைச் சாற்றைப் பச்சையாகக் குடித்தவர்களில் பலருக்கு நுரையீரல் மீளாதபடி கெட்டுப்போனது. சமைத்து, மற்ற கீரை போல அளவாகச் சாப்பிடுங்கள்.

இரண்டு கட்சிக்கும் நடுவே நிற்பது அரைக்கீரை. விதைத்துத்தான் வளர்க்க வேண்டும், ஆனால் பிடுங்கத் தேவையில்லை. மண்ணிலிருந்து இரண்டு விரல் உயரம் விட்டு அறுத்தால் மறுபடி தழைக்கும். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 3 ரகம் இதற்கென்றே வந்தது. விதைத்த 20ஆம் நாள் முதல் வாரத்துக்கு ஒருமுறையாக, மூன்று மாதத்தில் பத்து அறுப்பு என்பது அதன் கணக்கு. மாடிப் பையில் எனக்கு ஏழு வந்தது. அதற்கப்புறம் தண்டு முற்றிப் பூவெடுத்துவிட்டது. கடைசலும் வரும், பொரியலும் வரும். முதன்முதலாகக் கீரை போடுகிறவர்கள் இதில் தொடங்கினால் கைவிட்டுப் போகாது.

"இதைத்தாம்மா நான் முதல்லயே சொன்னேன்" என்றார் அத்தை. சொல்லவே இல்லை. இருந்தாலும் இப்போது ஆறு பையில் இரண்டு அரைக்கீரை, ஒன்று பொன்னாங்கண்ணி, ஒன்று பசலை, ஒன்று தவசி. மிச்சம் ஒன்று முழுக்க அத்தைக்கு. சிறுகீரையும் வெந்தயமும் மாறி மாறி. கொத்தமல்லியை இருவருமே கைவிட்டுவிட்டோம், காய்க்காரர் கொசுறாகத் தருவதே வீட்டுக்குப் போதுமாக இருக்கிறது.