நடு முதுகு வலி: ஒத்தடமா, தைலமா, மாத்திரையா, பயிற்சியா?

மதுரை மாட்டுத்தாவணிப் பக்கம் நாளெல்லாம் உட்கார்ந்து மல்லிகை கட்டும் அக்காக்களையோ மெஷினில் குனிந்தே தைக்கும் டெய்லர்களையோ கேட்டுப் பாருங்கள். வலி இடுப்பில் இல்லை, கையை எப்படி வளைத்தாலும் எட்டாத இடத்தில், இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே என்பார்கள். வாய்வுப் பிடிப்பு என்று நாமே முடிவு கட்டி ஒரு சோடா குடித்துவிடுவது வழக்கம்.

அந்த சோடாவில்தான் எனக்குப் பயம். மாரடைப்பு வலியும் பித்தப்பைக் கல் வலியும் முதுகுக்குப் பரவலாம். நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுத் திணறல் கூட வந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். கால் மரத்தாலோ தளர்ந்தாலோ, சிறுநீர் கட்டுப்படாவிட்டாலோ அதுவும் உடனே பார்க்க வேண்டியது. காய்ச்சல், எடை குறைவு, படுத்தாலும் அடங்காத ராத்திரி வலி என்றால் காசநோய் முதுகெலும்பைத் தாக்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இதெல்லாம் இல்லையென்றால் பெரும்பாலும் தசைதான். இங்கே இருக்கும் 12 முள்ளெலும்புகளோடும் விலா எலும்புகள் கோத்திருப்பதால் அசைவு குறைவு. எலும்புகளுக்கு நடுவே மெத்தை போலிருக்கும் டிஸ்க் பிதுங்குவதும் அபூர்வம். ஒரே மாதிரி குனிந்திருந்தால் தசை களைத்து, மூட்டு இறுகிவிடுகிறது.

ஐஸா, சூடா? அடிபட்ட முதல் இரண்டு நாளைக்கு ஐஸ். நாள்பட்ட இறுக்கத்துக்குச் சூடு. கல் உப்பை வறுத்துத் துணியில் கட்டி, கையில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு, கால் மணி நேரம் கொடுத்தால் போதும். சர்க்கரை வியாதியில் உணர்ச்சி மங்கியவர்களுக்குத் தோல் வெந்துபோவதே தெரியாது, ஜாக்கிரதை.

தைலம் தேய்ப்பதில் தப்பில்லை, கொஞ்ச நேரத்துக்கு இதமாக இருக்கும். பேரனை ஏறி மிதிக்கச் சொல்வதும், சுளுக்கு எடுக்கிறேன் என்று ‘மடக்’கென்று முறிக்க விடுவதும் வேறு கதை. எலும்பு தேய்ந்த பாட்டிக்கு முள்ளெலும்பு நொறுங்கக்கூட அது போதும்.

மெடிக்கலில் கேட்டதும் டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையைக் கொடுத்துவிடுகிறார்கள். வலி சட்டென்று குறையும், உண்மைதான். ஆனால் அல்சர், சிறுநீரகக் கோளாறு, இதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. பாராசிட்டமால் வயிற்றை அவ்வளவு படுத்தாது. முதுகு வலியைப் பெரிதாகக் குறைக்கவும் செய்யாது. வயதானவர்களுக்கு மேலே தடவும் டைக்ளோஃபெனாக் ஜெல் பரவாயில்லை, உடம்புக்குள் போவது குறைவு. பெல்ட் இடுப்புக்கானது, நடு முதுகுக்கு வீண் செலவு. முழு ஓய்வும் ஓரிரண்டு நாளுக்கு மேல் கெடுதல்தான்.

என் ஓட்டு பயிற்சிக்கு. மற்றவையெல்லாம் வலியைக் கொஞ்சம் அடக்கி நம்மை அசைய விடுவதற்குத்தான். துண்டைச் சுருட்டித் தோள்பட்டைக்குச் சற்றுக் கீழே குறுக்காக வைத்து, மல்லாந்து படுத்து, கைகளைத் தலைக்கு மேல் நீட்டி இரண்டு நிமிடம் கிடக்கலாம். தோள்பட்டைகளைப் பின்னால் சேர்த்து இறுக்கி ஐந்து எண்ணி விடுவது பூக்கூடை முன்னால் உட்கார்ந்தே செய்யக்கூடியது. அப்புறம், அரை மணிக்கு ஒருமுறை எழுந்துவிட வேண்டும். கூடையை ஒரு ஸ்டூலில் ஏற்றி வைத்து, முதுகைச் சுவரில் சாய்த்துக் கட்டினால் குனிவது பாதியாகக் குறையும். பலன் தெரியச் சில வாரம் ஆகும். பலர் கைவிடுவதும் அதற்குள்தான்.

ஆரம்பத்தில் ஒருமுறையாவது பிசியோதெரபிஸ்ட் முன்னால் செய்து காட்டுவது நல்லது. பெரியாஸ்பத்திரியிலேயே அதற்கு வசதி உண்டு. போனில் வீடியோ பார்த்துச் செய்பவர்கள் பெரும்பாலும் இடுப்பைத்தான் வளைக்கிறார்கள். நடு முதுகு அசைவதே இல்லை.