நாணயம் சேர்ப்பவருக்கு ஒரு தராசு, ஒரு லென்ஸ், ஒரு காலிப்பர்: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின் என் மதிப்பீடு

பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ரூபாய்களைச் சேர்க்கத் தொடங்கிய இரண்டாம் மாதத்தில், போலியைக் கண்டுபிடிக்க உதவும் என்று சொல்லி விற்கப்பட்ட மூன்று கருவிகளை இணையத்தில் வாங்கினேன். ஒன்று, 200 கிராம் வரை நிறுத்து 0.01 கிராம் வரை துல்லியம் காட்டும் பாக்கெட் தராசு. மற்றொன்று, விளக்கு பொருத்திய கை லென்ஸ். மூன்றாவது, தடிப்பையும் விட்டத்தையும் அளக்கும், பிளாஸ்டிக்கால் ஆன டிஜிட்டல் காலிப்பர். மூன்றுக்கும் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவாகவே ஆயிற்று. ஓராண்டுக்கும் மேலாக இவற்றைக் கொண்டு வெள்ளி ரூபாய்களைச் சோதித்துப் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன்: தராசுக்குக் கொடுத்த பணம் பலமுறை திரும்பி வந்துவிட்டது, லென்ஸ் பாதி பயன்பட்டது, காலிப்பர் இல்லாமலும் சமாளித்திருக்கலாம்.

தராசை முதலில் சொல்லக் காரணம் உண்டு. 1835ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஆட்சிப்பகுதி முழுவதற்கும் ஒரே ரூபாயைக் கொண்டுவந்தபோது அதன் எடையை 180 கிரெயின் (பழைய ஆங்கில எடை அளவு), அதாவது சரியாக ஒரு தோலா என்று வகுத்தது. இன்றைய கணக்கில் இது 11.66 கிராம். இதில் பன்னிரண்டில் பதினோரு பங்கு வெள்ளி. நான்காம் வில்லியம், விக்டோரியா, ஏழாம் எட்வர்ட், ஐந்தாம் ஜார்ஜ் என்று தலைகள் மாறினாலும் 1939 வரை இந்த எடையும் வெள்ளியின் தரமும் மாறவே இல்லை. நூறாண்டுக்கும் மேலாக ஒரே அளவில் அடிக்கப்பட்ட நாணயம் என்பதால், புதிதாகச் சேர்க்கத் தொடங்குபவர் ஓர் எண்ணை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு பழகுவதற்கு இதைவிட நல்ல இடம் இல்லை. புழங்கித் தேய்ந்த விக்டோரியா ரூபாய் 11.4, 11.5 என்று காட்டுவது இயல்பு. ஆனால் எழுத்தும் முகமும் தெளிவாக இருக்கும் ஒரு ரூபாய் 9.7 கிராம் காட்டினால், அதற்கு மேல் விசாரிக்க எதுவும் இல்லை.

தராசின் பெட்டியில் அளவு சரிபார்க்கும் எடைக்கல் தரப்படவில்லை. இது ஒரு குறை. தனியாக ஒரு 100 கிராம் எடைக்கல் வாங்கும் வரை, புழக்கத்தில் உள்ள இருநிறப் பத்து ரூபாய் நாணயங்களைக் கொண்டு சரிபார்த்தேன். 2019க்கு முன் வெளிவந்த ஒரு நாணயத்தின் எடை 7.71 கிராம், அப்படிப் பத்தைச் சேர்த்து நிறுத்தால் 77.1 கிராமுக்கு மிக அருகில் வர வேண்டும். மின்விசிறி ஓடும் அறையில் கடைசி இலக்கம் நிலையாக நிற்காது என்பதையும், ஒரு நிமிடம் தொடாமல் இருந்தால் தராசு தானாக அணைந்துவிடும் என்பதையும் வாங்குபவர் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

இந்தத் தராசின் உண்மையான அருமை எனக்குப் புரிந்தது ஒரு கண்காட்சியில் வாங்கிய 1862 விக்டோரியா ரூபாயால்தான். விற்றவர் நல்ல மனிதராகவே தெரிந்தார், விலையும் சந்தேகப்படும் அளவுக்கு மலிவாக இல்லை. வீட்டுக்கு வந்து நிறுத்தபோது 11.62 கிராம் காட்டியதால், நல்ல நாணயம் என்றே எடுத்துவைத்தேன். சில வாரங்களுக்குப் பிறகு அடர்த்திச் சோதனையைக் கற்றுக்கொண்டு, கையில் இருந்த ரூபாய்கள் எல்லாவற்றையும் வரிசையாகச் சோதித்தபோது இது ஒன்றுதான் தவறியது.

சோதனை எளிது. எடை குறைந்த பிளாஸ்டிக் குவளையில் தண்ணீர் ஊற்றித் தராசின்மேல் வைத்து, டேர் பொத்தானை அழுத்திச் சுழியத்துக்குக் கொண்டுவர வேண்டும். மெல்லிய நூலில் கட்டிய நாணயத்தை, அடியிலும் பக்கங்களிலும் படாமல், முழுவதும் நீரில் மூழ்கும்படி தொங்கவிட வேண்டும். அப்போது தராசு காட்டும் எண் நாணயம் விலக்கிய நீரின் எடை. நாணயத்தின் எடையை அந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி கிடைத்துவிடும். அம்மாவழிப் பாட்டி பத்திரமாக வைத்திருந்த 1918 ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் 1.13 காட்டியது, அடர்த்தி 10.3, இந்த வெள்ளிக் கலவைக்கு வரவேண்டிய எண் அதுவே. கண்காட்சியில் வாங்கிய ரூபாயோ 1.31 காட்டியது. 11.62ஐ 1.31ஆல் வகுத்தால் 8.87, அது செம்பும் நிக்கலும் கலந்த உலோகத்தின் அருகில் வரும் எண்ணே அன்றி வெள்ளியின் எண் அல்ல. மலிவான உலோகத்தில் எடையைச் சரிக்கட்டுவதற்காக நாணயத்தைக் கால் மில்லிமீட்டர் அளவுக்குத் தடிப்பாகச் செய்திருந்தார்கள். காலிப்பர் எனக்கு உருப்படியாக உதவியது அந்த ஒரு முறைதான். அதுவும் சந்தேகம் உறுதியான பிறகு.

நாணயத்தின்மேல் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் எண் கூடிவிடும், நல்ல வெள்ளியும் போலிபோலத் தோன்றும். ஆகவே நீருக்குள் ஒருமுறை மெல்ல அசைத்துவிட்டு மூன்று தடவை அளப்பது என் வழக்கம். சோதனைக்குப் பின் துணியால் தேய்க்காமல் ஒற்றி மட்டும் எடுக்க வேண்டும். நகைக்கடையில் உரைகல்லில் உரசிப் பார்த்துத் தருவார்கள் என்று சிலர் சொல்லும் யோசனையை ஏற்கவே கூடாது. அந்த ஒரு கீறல் சேகரிப்பாளரிடம் நாணயத்தின் மதிப்பைக் கெடுத்துவிடும்.

லென்ஸைப் பற்றி எனக்கு வருத்தமே அதிகம். உறையில் 30 மடங்கு என்று அச்சிட்டிருந்தார்கள். உண்மையில் 30 மடங்கு பெருக்கும் லென்ஸ் என்றால், பொருளிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான தூரத்தில்தான் படம் தெளிய வேண்டும். இதுவோ இரண்டரை சென்டிமீட்டரிலேயே தெளிந்தது. அப்படியானால் இது ஏறத்தாழ 10 மடங்குதான். நாணயத்துக்கு 10 மடங்கே போதும் என்பதால் பயன் கெடவில்லை. ஆனால் ஓரங்களில் எழுத்து வளைந்து தெரிவதும், பொய்யான எண்ணைப் போட்டு விற்பதும் மன்னிக்கத்தக்கவை அல்ல. வாங்குபவர்கள் பெரிய எண்ணைத் தேடாமல், 10 மடங்கு என்று நேர்மையாக எழுதிய மூன்றடுக்குக் கண்ணாடி லென்ஸாகப் பார்த்து வாங்கலாம்.

இந்த லென்ஸிலும் அச்சில் அடித்த நாணயத்துக்கும் வார்த்த நாணயத்துக்கும் உள்ள வேறுபாடு நன்றாகவே தெரிகிறது. வார்ப்பில் எழுத்தின் ஓரங்கள் மழுங்கி இருக்கும், வெறுமையான பரப்பில் ஊசி முனை அளவுக் குழிகள் இருக்கும், விளிம்பைச் சுற்றிப் பார்த்தால் சில சமயம் இரு பாதிகளையும் சேர்த்த கோடு தெரியும். இவற்றைப் போலியிலேயே தேடிப் பழகுவதைவிட, ஐயமில்லாத ஒரு ரூபாயைத் தினமும் சிறிது நேரம் பார்த்துக் கண்ணைப் பழக்குவது பலன் தரும் என்பது என் அனுபவம். பாட்டியின் 1918 ரூபாய் எனக்கு அப்படித்தான் பாடப்புத்தகம் ஆயிற்று.

தராசு பேசாத இடங்களும் உண்டு. 1939 ரூபாய் அரியது, விலை மிக அதிகம். வேறு ஆண்டின் உண்மையான வெள்ளி ரூபாயில் கடைசி இலக்கத்தை மட்டும் மாற்றியிருந்தால் எடையும் அடர்த்தியும் சரியாகவே வரும். அந்த இலக்கத்தைச் சுற்றி உளி பட்ட தடம் இருக்கிறதா என்று லென்ஸ்தான் சொல்ல வேண்டும். 1940 முதல் ரூபாயில் வெள்ளி பாதியாகக் குறைந்ததால் 10.3 என்ற எண் அவற்றுக்குப் பொருந்தாது. 1947 ரூபாய் நிக்கலால் ஆனது, காந்தத்தில் ஒட்டும். இதை அறியாமல் நல்ல நாணயத்தைப் போலி என்று ஒதுக்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். 1818 என்று பொறித்து, கம்பெனியின் பெயரோடு இராமரும் அனுமனும் இருக்கும் செப்புக் காசுகளுக்குத் தராசே தேவையில்லை: கம்பெனி அப்படி ஓர் அணாக் காசு வெளியிடவே இல்லை.

பணம் எனப்படும் தென்னிந்தியச் சிறு தங்கக் காசுகளைச் சேர்க்க நினைப்பவர்கள் இந்தத் தராசை வாங்க வேண்டாம். வீரராயன் பணம் போன்றவை அரை கிராம்கூட இராது; அவற்றுக்கு 0.001 கிராம் காட்டும் தராசு வேண்டும், அதன் விலை வேறு.