வீல் பேரிங் மாற்ற வண்டியை விட்டுவிட்டு நகர்ந்துவிடாதீர்கள்

அப்பா ஓட்டிய ஹீரோ ஹோண்டா சிடி 100 இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. போன மாதம் முன்சக்கரத்தில் உர்ர்ர் என்று ஒரு சத்தம், வேகம் கூடக் கூட அதுவும் கூடியது. சென்டர் ஸ்டாண்டு போட்டு, தம்பியைப் பின்னால் அழுத்தச் சொல்லிவிட்டு டயரைப் பிடித்து ஆட்டினால் நன்றாகவே ஆட்டம் தெரிந்தது. சக்கரம் அச்சில் லேசாகச் சுற்ற உதவும் குண்டு வளையம், அதாவது பேரிங், போயிருந்தது. பாளையங்கோட்டையில் ஒரு பட்டறையில் விட்டேன். "சாயந்தரம் வாங்க அண்ணாச்சி, முடிச்சு வச்சிருதேன்" என்றார், நானும் சரி என்று வேலைக்குப் போய்விட்டேன்.

சாயங்காலம் கேட்டது 1,100 ரூபாய். கம்பெனி பேரிங் இரண்டுக்கு 700, கூலி 400. பழைய பேரிங் எங்கே என்றால், பழைய இரும்புக்காரன் அள்ளிக்கொண்டு போய்விட்டானாம். அதே நாளிலா? அப்போதே கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை.

நாலு நாள் சத்தமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை அம்பாசமுத்திரத்தில் மாமா வீட்டுக்குக் கிளம்பினேன். சேரன்மகாதேவி தாண்டியதும் யாரோ பின்னால் இருந்து இழுப்பது மாதிரி இருந்தது. பிரேக் பிடிக்கிறதோ என்று இறங்கித் தொட்டால் சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப் கையைச் சுட்டது. மெதுவாக உருட்டி வீரவநல்லூரில் ஒரு பெரியவரின் பட்டறைக்குக் கொண்டு சேர்த்தேன். அவர் எதையும் கழற்றவில்லை. சக்கரத்தின் அச்சான ஆக்சிலின் நட்டை அரைச்சுற்று தளர்த்திச் சக்கரத்தைச் சுற்றிவிட்டார், சுற்றியது. திரும்ப முறுக்கினார், நின்றுவிட்டது. "உள்ள காலரே இல்லயே தம்பி, எவம்ல மாட்டுனான் இத?"

இரண்டு பேரிங்குக்கும் நடுவில், ஹப்புக்குள் ஒரு குழாய் இருக்கும், அதுதான் காலர். ஆக்சிலை முறுக்கும்போது வரும் அழுத்தத்தை அதுதான் தாங்கும். அது இல்லாவிட்டால் இரண்டு பேரிங்கின் உள்வளையமும் ஒன்றை நோக்கி ஒன்று நசுங்கி, குண்டுகள் பக்கவாட்டில் உரசி, கொஞ்ச நாளில் கதை முடிந்துவிடும். ஓடுகிற ஓட்டத்தில் சக்கரமே இறுகியிருக்கலாம், நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

அப்புறம் கழற்றிப் பார்த்தோம். பழைய வண்டியில் தண்ணீர் இறங்கித் துருப்பிடித்த பேரிங் லேசில் வராது, உள்ளே இருக்கும் காலரைக் கொஞ்சம் ஒதுக்கி, எதிர்ப்பக்கத்திலிருந்து கம்பியை விட்டு உள்வளையத்தின் விளிம்பில் சுற்றிச் சுற்றித் தட்டி வெளியே கொண்டுவர வேண்டும். பாளையங்கோட்டைக்காரருக்கு அந்தப் பொறுமை இல்லை. உள்வளையம் மட்டும் பிய்ந்து வந்திருக்க வேண்டும், மிச்சத்தை உளியால் நெம்பியிருக்கிறார். ஹப் அலுமினியம், தாங்குமா? உள்ளே தழும்பு தழும்பாக இருந்தது. புது பேரிங் அதில் லூஸாகிவிட, சுற்றிலும் பஞ்ச் என்கிற கூர் உளியால் பொட்டுப் பொட்டாக அடித்து மேடாக்கி மாட்டியிருந்தார். காலரும் அந்த அடியில்தான் வளைந்து, தூக்கி எறியப்பட்டிருக்கும்.

பேரிங்கும் கம்பெனிச் சரக்கு இல்லை. எண் 6301, அது சரிதான். 12 மில்லிமீட்டர் துளை, வெளியே 37. ஆனால் அதிலிருந்த கம்பெனிப் பெயர் நகத்தால் சுரண்டினதும் உதிர்ந்தது.

இறுக்கமாக இருந்த மறுபக்கத்துப் பேரிங்கைப் பெரியவர் கழற்றியதைப் பார்க்கணும். ஹப் மேல் கொதிக்கக் கொதிக்க வெந்நீரை ஊற்றினார். சூட்டில் அலுமினியம் இரும்பைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியும், நாலு தட்டில் பேரிங் வந்து விழுந்தது. புதுசை இறக்கும்போது வெளிவளையத்தில் மட்டும்தான் தட்டினார், உள்வளையத்தில் தட்டினால் குண்டு ஓடும் தடத்தில் பள்ளம் விழுமாம். அதற்கு முன்னால் ஹப்பை லேத்துக்கு (கடைசல் பட்டறைக்கு) அனுப்பி, தேய்ந்த துளைக்குள் புஷ் என்கிற வளையம் போட்டு, காலரும் புதிதாகக் கடைந்து வாங்க வேண்டியிருந்தது. "அரை நூல் குறைஞ்சாலும் பழைய கததான்" என்று லேத்துக்காரரிடம் இரண்டு தடவை சொல்லி அனுப்பினார். எல்லாம் சேர்த்து எனக்கு 1,900 ஆனது.

பாளையங்கோட்டைக்காரரிடம் திரும்பிப் போய்க் கேட்டேன். "அந்தக் காலத்து வண்டிக்குக் காலரே கிடையாது அண்ணாச்சி" என்று கூசாமல் சொன்னார். புதுக் காலரின் அளவு எழுதிய சீட்டைக் காட்டியதும் 300 ரூபாயை எடுத்து நீட்டிவிட்டு அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விட்டார்.

பின்சக்கரத்துப் பேரிங்கும் மாற்ற வேண்டியிருக்கிறது. வருகிற ஞாயிறு வீரவநல்லூருக்கே கொண்டு போகிறேன், முடியும்வரை பெரியவர் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பேன்.